முக்குறுணி விநாயகர் வரை

“நேற்று முக்குறுணி விநாயகரைக்கூடப் பார்க்கவில்லை. குளத்துப் படியிலேயே தூங்கிவிட்டேன்” என்றார் அம்மா, காலையில் காபியை ஆற்றிக்கொண்டே.

முகத்தில் அத்தனை தெளிவு.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு இரவு என்றாலே பயம். கண்ணை மூடினால் மருத்துவமனை வராந்தாதான் வரும்.

இப்போது விளக்கை அணைத்ததும் மனத்துக்குள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறார். அவசரமே கிடையாது. அஷ்டசக்தி மண்டபத்தில் நுழையும்போது மல்லிகை மணக்க வேண்டும். உள்ளங்காலில் கல்லின் குளிர்ச்சி தெரிய வேண்டும். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் கோபுரம் அசைவதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த அடி, உள்ளே இருக்கும் முக்குறுணி விநாயகரை நோக்கி.

தூக்கம் வராதவர்களை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதமான ஒரு காட்சியை விரிவாகக் கற்பனை செய்தவர்கள், எந்த வழியும் சொல்லப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள்.

“எதையும் நினைக்காமல் படு” என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது கொடுமை. மனம் சும்மா கிடக்காது. அது போய் உட்கார ஓர் இடம் வேண்டும். காலால் நடந்து பழகிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

காட்சி வராதவர்களுக்கு, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி இருக்கிறது. கால் விரல்களை 5 நொடி இறுக்கி, மெல்ல விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள். தாடையை விட்டுவிடாதீர்கள், பாதிக் கவலை அங்கேதான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.