படத்துக்கு முதலில் காது

நாகர்கோவிலில் இருந்துகொண்டே படம் எடுக்கிறேன், இசையமைக்கிறேன் என்று சொன்னால், "அது சரி, வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடுகளுக்குக் கேமராவோடு போகிறேன். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் குறைந்துவிடும். அப்போது பக்திப் பாடல்களுக்கு இசைக்கோப்பு செய்கிறேன். மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கங்களில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த இளைஞர்கள் கைக்காசு போட்டுப் பாடல் வெளியிடுகிறார்கள். இந்தப் பணத்தில்தான் என் ஆவணப்படங்கள் பிறக்கின்றன.

கல்யாண வீடியோ எடுப்பதைக் குறைவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாலி கட்டும் நொடி ஒருமுறைதான் வரும். கெட்டிமேளம் எழும்போது ஒலி சிதறிவிட்டால், தவில்காரரிடம் இன்னொரு முறை வாசிக்கச் சொல்ல முடியாது. அந்தப் பதற்றத்தில் கை நடுங்காமல் நிற்கப் பழகியவருக்கு எந்தப் படப்பிடிப்பும் பயமாக இருக்காது.

பணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தயாரிப்பு நிறுவனம் சிறு தொகையைக் கொடுத்து, பாடலில் எனக்கு இனி எந்தக் காலத்திலும் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதிய தாளை நீட்டியது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியரின், இசையமைப்பாளரின் ராயல்டிப் பங்கைக் காக்கிறது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஊரில் நன்றாகப் பாடும் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

என் உண்மையான படிப்பு கோயில் கொடை விழாக்களில் நடந்தது. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கும் இரவுகளில் வில்லுப்பாட்டு விடிய விடியப் போகும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர் மட்டுமல்லர், வில்லுப்பாட்டும் நடத்தியவர். அந்த மண்ணில் பிறந்துவிட்டு இதைப் பதிவு செய்யாமல் இருப்பது எப்படி என்று ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போது என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பாடுபவரின் வாய்க்கு எதிரே வைக்கப் போனபோது மூத்த புலவர் ஒருவர் கையால் தடுத்தார்.

"மக்களே, குடத்தை விட்டுவிட்டு என் தொண்டையை மட்டும் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய்?" என்றார். பிறகு அவரே இடம் காட்டினார். வில்லின் நடுவிலிருந்து சற்று விலகி, தரையோடு தரையாக, குடத்தின் பக்கம் சாய்த்து. அங்கிருந்து கேட்டபோது எல்லாம் தனித்தனியே விழுந்தன. வீசுகோல் வில்லில் படும்போது மணிகள் சிதறும் ஒலி, உடுக்கையின் முனகல், இடப்பக்கத்தில் பாடுபவர்கள் "ஆமாம்" என்று ஏற்று வாங்குவது, அனைத்துக்கும் அடியில் மட்டை குடத்தின் வாயில் அடித்து எழுப்பும் கனத்த காற்று.

அந்தக் காற்றைப் படத்துக்குள் கொண்டுவருவது பெரிய பாடு. நம் ஆட்கள் படத்தைக் கைபேசியில் பார்க்கிறார்கள்; அதன் சிறிய ஒலிபெருக்கியில் அவ்வளவு தாழ்ந்த ஒலி வெளியே வராது. மட்டை குடத்தில் படும் அந்த முதல் தட்டலைத் தனியே எடுத்துச் சற்று உயர்த்தி வைத்தால், மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. இன்றும் ஒலிக்கலவை வேலை முடிந்ததும் என் பழைய கைபேசியில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எதைப் பதிவு செய்தாலும் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றும் கூடவே வந்துவிடும். அங்கே பேட்டி எடுப்பதாக இருந்தால் வீட்டுக்குள்தான்.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30-ஆம் தேதி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிவிட்டுப் போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. பின்னாளில் அங்கே ஒரு வீட்டில் ஓர் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து பேசினார். அழவில்லை. கணவர் போன படகில் எவ்வளவு அரிசி ஏற்றினார்கள், ஐஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் வழியே கடல் கேட்டது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

படத்துக்குப் பணம் தந்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் ஒரு வயலின் வையுங்கள், பார்ப்பவர்கள் கலங்க வேண்டும்" என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்தக் கணக்குக்கு அடியில் நான் எதை வாசித்தாலும் அது அவருடைய துக்கத்துக்கு நான் உரை எழுதுவதாகிவிடும். மின்விசிறியின் சத்தத்தையாவது நீக்குங்கள் என்றார்கள். அதையும் விட்டுவைத்தேன். அந்த வீட்டில் அவர் தினமும் கேட்கிற ஒலி அது. கடைசித் தவணைப் பணம் வரவில்லை. படம் நான் நினைத்தபடி இருக்கிறது. இன்று அதே சூழ்நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இதே காரணத்துக்காகத்தான் பேச்சையும் மாற்ற விடுவதில்லை. விளவங்கோட்டுக்காரர் பேசுவதும், நாஞ்சில் நாட்டு வயல்காரர் பேசுவதும், குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் கூவுவதும் ஒன்றுபோல இருக்காது. சென்னையில் புரியாது, வேறு குரலில் பேசவைத்துவிடலாம் என்பார்கள். புரியாத இடத்தில் கீழே எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒருவரின் குரலை எடுத்துவிட்டு அவரைப் பற்றிப் படம் எடுக்க எனக்குத் தெரியாது.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதல் சில வாரங்கள் கேமரா தருவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து வடசேரிப் பேருந்து நிலையத்துக்கோ சந்தைக்கோ அனுப்புகிறேன். அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணின் அம்மா முந்திரி ஆலையில், ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீஸில், முந்திரிக்கொட்டையின் தோடு, அதாவது ஓடு, உடைக்கிறார். ஆலைக்குள் கேமராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பெண் வீட்டிலேயே அம்மாவை உட்காரவைத்து, தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களையும், சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்கும் ஒலியையும் எடுத்து வந்திருக்கிறாள். தட்டும் தாளம் அம்மா பேசத் தொடங்கினால் மெதுவாகிறது, பேச்சு நின்றால் வேகமெடுக்கிறது. படத்தொகுப்பை அந்தத் தாளத்தின் மேலேயே செய்து வருகிறோம். இசை வேண்டுமா என்று கேட்டேன். முழுவதும் கோத்து முடித்தபின் அம்மாவிடம் போட்டுக் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.