மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி

குன்னூரில் டிடிபி கடை வைத்திருந்த வருஷங்களில் எனக்குச் சோறு போட்டது ராணுவ அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்தான். அங்கே படிக்க வரும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி.க்கு ஆய்வேடு கொடுக்க வேண்டும். கெடு நெருங்கினால் கடையில் ராத்திரி ஒரு மணிவரை விளக்கெரியும். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

1999 தொடக்கத்தில் வந்த நைஜீரிய மேஜர் மட்டும் போகமாட்டார். கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையையே பார்ப்பார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 1983 கடைசியில் நைஜீரிய ராணுவம் ஆட்சியைக் 'கைப்பற்றியது' என்று எழுதியிருந்தார். அப்படியே டைப் அடித்தேன். 'பொறுப்பேற்றது' என்று மாற்றச் சொன்னார். மறுநாள் 'தலையிட்டது'. அப்புறம் மறுபடி 'பொறுப்பேற்றது'. அவர் ஊரில் அப்போதும் ராணுவ ஆட்சிதான் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாளானது.

கரண்ட் போன ஒரு சாயங்காலம், "இங்கே படித்துவிட்டுப் போனால் உங்கள் ராணுவம் மாறிவிடுமா சார்?" என்று கேட்டேன்.

சிரித்தார். 1964-இல் கடூனாவில் அவர்களுடைய ராணுவ அகாடமியின் முதல் தலைவரே ஓர் இந்திய பிரிகேடியராம். அடுத்த வருஷம் வெலிங்டனுக்குப் படிக்க வந்தவர் ஒபசாஞ்சோ. ராணுவ ஆட்சித் தலைவரான அவர் 1979-இல் தேர்தலில் வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைத்தார். நம் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி எடுத்த பாபாங்கிடாவோ 1985-இல் ஆட்சியைப் பிடித்து, 1993 தேர்தலையே ரத்து செய்தார்.

"இரண்டு பேருக்கும் நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்றார். வரைபடம் பார்க்கவும் உத்தரவு எழுதவும் எங்கேயும் கற்கலாம். ராணுவ ஆட்சியில் கவர்னர் பதவி கிடைக்கும் என்றால் எவன் பட்டாளத்தில் மனசு வைப்பான் என்றும் கேட்டார்.

பிப்ரவரி 27 நைஜீரிய அதிபர் தேர்தலில் ஒபசாஞ்சோ ஜெயித்தார். அடுத்த வாரமே மேஜர் வந்து 'கைப்பற்றியது' என்று போடச் சொன்னார். ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் பார்க்கவில்லை.

பதவியேற்ற கையோடு, ராணுவ ஆட்சியில் அரசியல் பதவி வகித்த 93 அதிகாரிகளை ஒபசாஞ்சோ வீட்டுக்கு அனுப்பினார். எந்த வெளிநாட்டுக் கல்லூரியும் செய்து கொடுக்க முடியாத வேலை அது.

2000 குடியரசு தின அணிவகுப்புக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். டிவியைக் காட்டி, "இவர் நம்ம வெலிங்டனில் படித்தவர்" என்று பைண்டிங் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். டேராடூன்காரரைப் பற்றிச் சொல்லவில்லை.