உட்கார்ந்திருப்பவரை எப்படிக் கணக்கெடுப்பது?

பூங்காக்களை மதிப்பிட நாங்கள் எடுத்துக்கொண்ட முறைக்கு சோபார்க் என்று பெயர். அமெரிக்காவில் மெக்கென்சி, கோஹன் குழுவினர் உருவாக்கியது, 2006-இல் வெளியானது. பூங்காவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குறித்த நேரத்தில் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்து, எத்தனை பேர், எந்த வயது, சும்மா இருக்கிறார்களா, நடக்கிறார்களா, வியர்க்க ஓடுகிறார்களா என்று குறிக்க வேண்டும். உடலுழைப்பை அளக்கப் பிறந்த முறை. உட்கார்ந்திருப்பவருக்கு அதில் கடைசி இடம்தான்.

சென்னைப் பூங்காக்களில் இது சரிப்பட்டு வரவில்லை. எட்டு வடிவ நடைபாதையில் சுற்றுபவர்கள் தாளில் நன்றாகவே தெரிவார்கள். பெஞ்சில் பென்ஷனையும் மருமகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் அங்கே ‘சும்மா இருப்பவர்’. அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதே அந்தப் பேச்சுக்காகத்தான். அதனால் படிவத்தில் நானாக இரண்டு கட்டங்கள் சேர்த்தேன்: துணை உண்டா, எழும்போது எதைப் பிடித்தார்.

இரண்டாவது கட்டம்தான் நிறையச் சொன்னது. முதுகுச் சாய்மானம் இல்லாத கிரானைட் பெஞ்ச். முழங்கால் வலிக்கார அம்மா ஒருவர் விளிம்புக்கு நகர்ந்து, இரு உள்ளங்கைகளையும் கல்லில் ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து வேலிக் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தார். நிழலில் நல்ல பெஞ்சுகள் காலியாக இருக்க, வெயிலில் வேலியோரம் ஏன் கூட்டம் என்பது அப்போது விளங்கியது. 45 செ.மீ.க்குக் குறையாத உயரம், இருபுறமும் கைப்பிடி, சாய்மானம்: தேவை இவ்வளவுதான். உபயதாரர் ஒருவரிடம், “சாய்மானம் இருந்தால்தானே சார் பெயர் எழுத முடியும்” என்று சொல்லிச் சம்மதிக்க வைத்ததும் உண்டு.

கழிப்பறை பூட்டியிருந்தால் சர்க்கரை நோய்க்காரர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள். பைக் நுழையாமலிருக்க வாசலில் நடும் இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோர் நட்பு நகரக் கையேட்டில் இருக்கையும் கழிப்பறையும் உண்டு. இங்கே டெண்டரில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் அடிபடுவது கைப்பிடி.

போன முறை நடைபாதையின் கூழாங்கல் பட்டையை விட்டுக்கொடுத்து கைப்பிடியைக் காப்பாற்றினோம். திறந்த வாரமே, கூழாங்கல் எங்கே என்று நடைப்பயிற்சிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த நிதியில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.