இரவில் ஏரிப் படகு: வெளிச்சம் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூர்த் தூண்டில்காரர்களில் ஒரு கூட்டம் மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் இருக்கும் கென்யிர் ஏரிக்குக் கிளம்பிவிடும். பகலெல்லாம் தோமான் மீன், இரவில் படகு வீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பாவுங் மீன். இதில் ஆபத்தான நேரம் நள்ளிரவு இல்லை. இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று பொழுது சாயும்வரை ஆற்று முகத்தில் நின்றுவிட்டு, சின்ன ஃபைபர் படகில் படகு வீட்டுக்குத் திரும்பும் நேரம்தான். நம் பக்கத்தில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் கருக்கிருட்டு.

இருட்டில் படகு மோதுவதற்கு வெளிச்சம் இல்லாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. தப்பான இடத்தில் வைத்த வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்குப் பொருந்தாத வேகமும்தான் மீதி. 2021 ஜூன் 19 இரவு இத்தாலியின் கார்டா ஏரியில் ஒரு மோட்டார் படகு சிறிய மரப்படகு ஒன்றின் மேல் ஏறிப் போனது. மரப்படகில் இருந்த இருவரும் இறந்தார்கள். மோதியது படகு என்றே தெரியவில்லை என்றார்கள் மோட்டார் படகில் இருந்தவர்கள். கேட்க நம்ப முடியாததுபோல் இருக்கும். ஆனால் இரவுத் தண்ணீரில் அது நடக்கக்கூடியதுதான்.

முதலில் விளக்குகள். அணைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகள் நேராகச் செல்லுபடியாகாது. ஆனாலும் படகில் பொருத்தி வரும் விளக்குகள் அந்த விதிப்படி செய்யப்பட்டவையே. சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையமான எம்பிஏ தரும் பிபிசிடிஎல் என்ற உல்லாசப் படகு ஓட்டும் உரிமத்துக்குப் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். 12 மீட்டருக்குக் குறைவான மோட்டார் படகுக்கு மூன்று வெளிச்சம் போதும்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை. சிவப்பும் பச்சையும் நேர் முன்னிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றும் 112.5 பாகை மட்டுமே தெரிய வேண்டும். பக்க விளக்கு 1 கடல் மைல் தூரத்துக்கும், வெள்ளை 2 கடல் மைல் தூரத்துக்கும் தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

அந்த 1 மீட்டரில்தான் பெரும்பாலான வாடகைப் படகுகள் தோற்கின்றன. பின்பக்கக் கம்பம் குட்டையாக இருக்கும். அதற்கு முன்னால் ஐஸ் பெட்டி, தூண்டில் பை, தடித்த ஆள் ஒருவர். முன்னாலிருந்து பார்த்தால் வெள்ளை மறைந்துபோகும். கூரை போட்ட படகென்றால் விளக்கு கூரைக்கு மேலே போயாக வேண்டும். கம்பம் உயர்ந்தால் வெளிச்சம் ஓட்டுபவர் தலையிலும் படகின் தரையிலும் கொட்டும். அதற்கு விளக்கின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புத் தட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது. விளக்கு எரியாததற்குப் பெரும்பாலும் காரணம் பல்ப் இல்லை. பச்சை பூத்த முனைகளும் தளர்ந்த ஃப்யூஸும்தான். முனையைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் துண்டும், அதே ஆம்பியரில் இரண்டு ஃப்யூஸும் பையில் இருந்தால் போதும். கிளம்பும் முன் ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு, ஒருவர் படகுத்துறையில் தள்ளி நின்று முன், பின், இரு பக்கம் எல்லாம் பார்க்கட்டும். காலிப் படகில் பார்ப்பதில் பயனில்லை.

இப்போது எரியக் கூடாத வெளிச்சம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பளிச்சென்று திறந்தால் அத்தனையும் போச்சு. தூண்டில்காரர்களின் தலை டார்ச் இதைவிட மோசம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் ‘என்ன பாங்?’ (என்ன அண்ணா?) என்று திரும்பிக் கேட்டாலே ஓட்டுபவருக்குச் சில நிமிடம் குருடு. சிவப்பு ஒளி உள்ள தலை டார்ச் வாங்குங்கள். படகு ஓடும்போது அதையும் அணைத்து வையுங்கள். ஜிபிஎஸ் திரையை அதன் இரவு நிறத்துக்கு மாற்றி, பிரகாசத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். சந்தேகமான ஒரு நிழலைப் பார்க்கும்போது அதையே முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். இருட்டில் வேலை செய்யும் செல்கள் கண்ணின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் அடர்த்தி.

காரில் ஹெட்லைட் போடுவதுபோல் முன்பக்கத்தில் பெரிய எல்இடி பட்டை மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த வெளிச்சம் படகின் மூக்கிலும் தூறலிலும் பூச்சிக் கூட்டத்திலும் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். எதிரில் வருபவருக்கோ நம் சிவப்பும் பச்சையும் தெரியாமல் போகும். நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஸ்பாட் லைட் வேண்டும்தான், ஆனால் அது படகின் மூக்குக்கு முன்னால் நீட்டிப் பிடித்த கையில் இருக்க வேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடி அடித்துப் பார்த்து அணைக்க வேண்டும். இன்னொரு படகின் மேல் அடிக்கவே கூடாது. நம்மைக் காட்ட வேண்டுமென்றால் நம் படகின் பக்கவாட்டில் அடித்துக் கொள்ளலாம். சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் இரவில் கயாக் ஓட்டுபவர்களுக்கும் இதே அறிவுரைதான்: துடுப்பின் அலகில் டார்ச்சைக் காட்டினால் நல்ல தூரத்துக்குத் தெரியும்.

எதிர் விளக்குகளை வாசிப்பது கடினமில்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேராக வருகிறார். இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். உங்கள் வலப்புறத்தில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அவர் குறுக்கே போகிறார், நீங்கள்தான் வழிவிட வேண்டும். வெள்ளை மட்டும் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். அது முன்னே போகும் படகின் பின்விளக்காக இருக்கலாம், நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுபவராகவும் இருக்கலாம், துடுப்புப் படகில் டார்ச் பிடித்தவராகவும் இருக்கலாம். ஒரு விளக்கு திசை மாறாமல் அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறீர்கள் என்று பொருள்.

விளக்கே இல்லாத படகைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரை விளக்குகளில் ஒன்று அணைந்து, அடுத்தது அணைந்து, முதலாவது மீண்டும் எரிந்தால் நடுவில் ஏதோ நகர்கிறது. மரினா அணைக்கட்டு 2008இல் வந்ததிலிருந்து சிங்கப்பூர் ஆற்றின் கீழ்ப்பகுதியும் மரினா பேயும் நீர்த்தேக்கம்தான். அங்கே இரவில் பம்போட் என்ற சுற்றுலாப் படகு ஓட்டுபவர்களுக்குத் தொல்லை இருட்டே இல்லை, பின்னால் மின்னும் கட்டடங்கள். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அந்தக் கூட்டத்தில் எளிதாகத் தொலைந்துவிடும்.

வேகக் கணக்கு எளிது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்றால் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். நனைந்த கறுத்த மரம் டார்ச்சில் 40 மீட்டரில் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது நான்கு நொடி. பார்த்து, புரிந்து, கை வேகப் பிடிக்கு (த்ராட்டில்) போகவே இரண்டு நொடி ஓடிவிடும். 5 நாட்டில் அதே தூரத்துக்கு 16 நொடி. நடுத்தர வேகம் பத்திரமானது என்று நினைக்க வேண்டாம். சிறு படகு மெதுவோட்டத்திலிருந்து தண்ணீர் மேல் எழும்பும் நிலைக்குப் போகும் இடைவெளியில் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுபவருக்கு முன்னால் எதுவுமே தெரியாது. மூக்கு தாழ்ந்தே இருக்கும் மெதுவோட்டத்தில் வாருங்கள். போட்மேன் முடுக்கினால் ‘பெலான்-பெலான், பாங்’ (மெதுவா, அண்ணா) என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

கென்யிரில் இது வெறும் எச்சரிக்கை இல்லை. காடு மூழ்கி 1985இல் உருவான ஏரி அது. 300க்கும் மேற்பட்ட தீவுகள் ஒரு காலத்தில் மலையுச்சிகள். பட்ட மரங்கள், துங்குல் என்று போட்மேன்கள் சொல்வது, இன்னும் நிற்கின்றன. வெளியே நீட்டி நிற்கும் மரத்தைக் கண்டு பயமில்லை, அது தெரியும். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே முனை மழுங்கி நிற்பதுதான் எமன். மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலும் போன முறை தாராளமாகப் போன வழி இந்த முறை அடிக்கும். அதனால் பழைய பயணத்தின் ஜிபிஎஸ் தடத்தை நம்பாதீர்கள். அன்று காலை போன தடத்தைப் பதிந்து, இரவில் அதே தடத்தில் திரும்புங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் நிறைய, ஆகையால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று படகு வீட்டிலோ ஏரியின் பெங்கலான் காவி படகுத்துறையிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மரத்தில் அடித்தால் படகின் பின்னால் மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் துள்ளி மேலே எழும், படகு சட்டென்று நிற்கும், முன்னால் நிற்பவர் தண்ணீரில். ஓட்டுபவரே விழுந்தால் இன்னும் மோசம். பிடி இல்லாத எஞ்சின் தானாக ஒரு பக்கம் திரும்பி, படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு அதற்குத்தான் இருக்கிறது. பல படகுகளில் அது எஞ்சின் மேலேயே சுற்றிக் கிடக்கும். ஓட்டுபவர் காலிலோ உயிர்காப்புச் சட்டையிலோ மாட்டாமல் இரவில் படகு நகரக் கூடாது. சிறுநீர் கழிக்கப் படகோரம் எழுந்து நிற்பதும் இரவில் ஆள் விழுவதற்கு ஒரு நல்ல வழி. வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்புச் சட்டையில் மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர் மிதக்க உதவும் சட்டை மட்டுமே. மயங்கியவரை முகம் மேலே பார்க்கத் திருப்ப 150 வேண்டும். ஊதும் வகை என்றால் 33 கிராம் கார்பன் டையாக்சைடு குப்பி இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறதா, துளை விழாததா என்று கையால் பாருங்கள். விசிலும் சின்ன விளக்கும் சட்டையிலேயே கட்டியிருக்க வேண்டும், பையில் அல்ல. 2023 மே 7 மாலை இருட்டிய பின் கேரளத்தின் தானூர்க் கழிமுகத்தில் அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆள் எண்ணிக்கையும் சட்டை எண்ணிக்கையும் சமமா என்று ஏறும்போதே எண்ணுங்கள்.

ஆள் விழுந்தால் ஒருவருக்கு ஒரே வேலை: விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே இருப்பது, கண்ணை எடுக்காமல். மற்றவர் மிதவையை வீசட்டும். ஓட்டுபவர் வட்டமடித்துக் காற்றுக்கு எதிராக மெதுவாக நெருங்கி, ஆள் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டும். நியூட்ரலில் விட்டால் போதாது, சாவியை அணைக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டால் கரைக்கு நீந்தாதீர்கள், இருட்டில் மலை நிழல் இருப்பதைவிடப் பக்கத்தில் தெரியும். வெள்ளை விளக்கை எரியவிட்டு, ஐந்து குறுகிய விசில்களாக அவ்வப்போது ஊதி, ஒரு பட்ட மரத்தில் படகைக் கட்டிப் போடலாம். கயிறு நீளமாக விடுங்கள். பல பத்தாண்டுகளாக உளுத்த மரம், ஒட்டிக் கட்டி இழுபட்டால் கொம்பு ஒடிந்து படகிலேயே விழும்.