தலைமடைக்குப் போகாத திருத்தம்

பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாஷ் (பள்ளி வாத்தியார்) போன் பண்ணினார். "தம்பி, பிள்ளைங்க கோப்பை பென்டிரைவுக்கு நகலெடுத்தா ஜன்னல் அப்படியே மூடிப்போகுது. எல்லா மெஷின்லயும் இதே கதைதான்." பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளி அது. கேரளத்துப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ரொம்ப வருஷமாகவே விண்டோஸ் இல்லை, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய லினக்ஸ்தான், ஆனால் அதன் திரையில் வரும் தமிழ் பல இடங்களில் அரைகுறை. அதைச் சரிசெய்யத்தான் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம். மொழிபெயர்த்தோம், அதை நிறுவச் சொந்தமாக ஒரு பொதி (பேக்கேஜ்) கட்டினோம், நாங்களே பள்ளி பள்ளியாகப் போய் நிறுவினோம். அந்த மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கிற மூலத் திட்டத்துக்கு எதையும் அனுப்பவில்லை. அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கோ இப்போதே வேண்டும் என்பதுதான் எங்கள் நியாயம்.

பழுது எங்கள் பொதியில்தான் இருந்தது. நகலெடுக்கும்போது வரும் செய்தியில் இரண்டு இடங்களை நிரல் நிரப்பும். ஆங்கிலத்தில் முதலில் எத்தனை கோப்பு என்ற எண், அப்புறம் எங்கே போகிறது என்ற பெயர். தமிழில் 'டெஸ்க்டாப்புக்கு 5 கோப்புகள்' என்று வரிசை மாறும். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் எது முதலாவது, எது இரண்டாவது என்று இலக்கம் போட்டுக் குறிக்க வேண்டும். நாங்கள் குறிக்கவில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் எண் போய் விழுந்தது, நிரல் அந்த எண்ணை நினைவகத்தின் முகவரி என்று எடுத்துக்கொண்டு அங்கே எழுத்தைத் தேடிப் போய் விழுந்துவிட்டது. மூலத் திட்டத்துக்கு அனுப்பியிருந்தால், எந்த மனுஷனும் பார்ப்பதற்கு முன்பே அங்கே இருக்கும் தானியங்கிச் சோதனை இதைத் திருப்பி அனுப்பியிருக்கும். அன்று ராத்திரி பதினொன்றரை வரை ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து எங்கள் பொதியை நீக்கினோம்.

வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை, கடைசியில் பாயும் கடைமடை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் அளந்துதான் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வருகிறது, ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மேலே என்ன நடந்தாலும் அது கீழே தெரியும். மென்பொருளிலும் மூலத் திட்டத்தை 'அப்ஸ்ட்ரீம்' (ஓடையின் மேல்பக்கம்) என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இங்கே கடைமடையில் செய்த வேலை மேலே ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். லினக்ஸுக்குத் திரையும் ஜன்னல்களும் தரும் க்னோம் மாதிரித் திட்டங்கள் மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று வெளியிட்டுக்கொண்டே போகும். நாங்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேருக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயாச்சு. எத்தனை நாள் துரத்துவது?

சரி என்று அனுப்ப ஆரம்பித்தோம். முதல் சண்டை ஒரு சொல்லுக்காக. ஃபோல்டருக்கு நாங்கள் 'கோப்புறை' என்று எழுதினோம், அங்கே பல வருஷமாக 'அடைவு'. அங்கே தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அண்ணா ஒருவர் எழுதினார்: "உங்கள் சொல் நல்ல சொல்தான். ஆனால் பாதித் திரையில் அதுவும் மீதித் திரையில் இதுவும் வந்தால் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு பொருளாகத் தெரியும்." எனக்குக் கோபம் வந்தது, நாங்கள் என்ன அவருடைய வேலையாட்களா என்று. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. எங்களுக்கு அவர் அதிகாரி இல்லை, எங்கள் பாடக்குறிப்பில் இன்றும் கோப்புறைதான். ஆனால் அந்தத் திரைக்குப் பொறுப்பு அவர்.

அதற்காக மூலத் திட்டம் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் திருத்தம் ஒன்று நாலு மாதம் யாரும் தொடாமல் கிடந்தது, அது தப்புதான். வேறு வழியே இல்லாதபோது நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து போகிற உரிமையை இந்த மென்பொருள்களின் உரிமமே தருகிறது. 2010 செப்டம்பரில் ஓபன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்து லிப்ரெஆபீஸ் தொடங்கியவர்கள் அதைத்தான் செய்தார்கள், 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பிலேயே அது இடம் பிடித்துவிட்டது. ஆனால் அங்கே பெரிய கூட்டமே சேர்ந்து கிளம்பியது. ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் தனிப் பொதி கட்டுவதை அதோடு சேர்க்க முடியாது.

எனக்குப் பிடித்த முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 2002 முதல் இயங்குகிறது. எந்தப் பெரிய திட்டத்துக்கும் கிளை இல்லை, தனக்கு எது தேவை என்பதைத் தானே முடிவுசெய்கிறது. ஆனால் அவர்கள் செய்த எழுத்துருக்கள் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பிலேயே கிடைக்கின்றன. மீரா இனிமை என்று நமக்கும் ஒரு தமிழ் எழுத்துரு செய்து, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு கொடுத்திருக்கிறார்கள். மலையாளத்துக்காக உண்டான குழு! தனியாக நிற்பதற்கும் தனித்துப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அவர்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். க்னோம் நிரல்களில் மொழிபெயர்த்தவர்கள் தங்கள் பெயரை எழுத ஒரு வரி உண்டு, 'இதைப் பற்றி' என்ற ஜன்னலில் வரும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முன்னால் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் ஆறு பேரை மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, பாவம். ஒருங்கிணைப்பாளர் திருப்பி அனுப்பினார், ஒரே வரியோடு: "மேலே இருக்கிறவர்கள் உட்கார்ந்து செய்ததன் மேல்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அம்மா."

அவள் பழைய பெயர்களைத் திரும்பப் போட்டு, கடைசி வரியில் எங்களைச் சேர்த்து அனுப்பினாள். அடுத்த பதிப்பு வந்ததும் மாஷின் மெஷினில் அந்த ஜன்னலைத் திறந்து காட்டினேன். மொத்தம் பதினொரு பெயர். மாஷ் மேலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.