விடுபட்ட இறந்தகாலம்

2013 அக்டோபர் 23 அன்று நான் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தேன். ஜெர்மன் சான்சலர் ஏங்கெலா மெர்க்கெலின் கைபேசியை அமெரிக்க உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டிருக்கக்கூடும் என்று தங்களுக்குத் தகவல் கிடைத்திருப்பதாக ஜெர்மன் அரசு அறிவித்திருந்தது. மெர்க்கெல் அதிபர் ஒபாமாவையே தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டிருந்தார். சற்று நேரத்தில் வெள்ளை மாளிகையின் பதிலும் வந்துசேர்ந்தது. சான்சலரின் தகவல் தொடர்புகளை அமெரிக்கா "கண்காணிக்கவில்லை, இனியும் கண்காணிக்காது" என்று மொழிபெயர்த்து, 'அமெரிக்கா மறுப்பு' என்று தலைப்பிட்டு, வெளியூர்ப் பதிப்புக்கான பக்கத்தை முடித்து அனுப்பினேன்.

நகரப் பதிப்புக்கு முன் அதைப் படித்த செய்தி ஆசிரியர் என்னை அழைத்தார். "தம்பி, இதுக்கு முன்னாடி ஒட்டுக்கேட்டாங்களா, இல்லையா?" என்றார். "மறுத்துட்டாங்களே, சார்" என்றேன். மூலத்தை மறுபடி படிக்கச் சொன்னார். ஆங்கில வாக்கியத்தில் நிகழ்காலம் இருந்தது, எதிர்காலம் இருந்தது, இறந்தகாலம் இல்லை. தமிழிலோ 'கண்காணிக்கவில்லை' என்ற ஒரே சொல் நேற்றையும் இன்றையும் சேர்த்து மறுத்துவிடுகிறது. வெள்ளை மாளிகை மிகுந்த கவனத்தோடு தராமல் விட்ட ஓர் உறுதிமொழியை நான் அதன் சார்பில் தந்திருந்தேன். நகரப் பதிப்பில் "இப்போது கண்காணித்துக்கொண்டிருக்கவில்லை" என்று திருத்தி, கடந்த காலத்தைப் பற்றிப் பதிலில் எதுவும் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்தோம். வெளியூர்ப் பதிப்பு அதற்குள் அச்சாகி வண்டியேறிவிட்டது. அதைப் படித்தவர்களுக்கு நான் தவறான செய்தியைக் கொடுத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய ஒன்றிய உச்சி மாநாட்டுக்கு வந்த மெர்க்கெல், நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது என்பது கூடவே கூடாது என்றார். இந்த ஒரு வரியில் இன்னொரு சிக்கல் இருந்தது. நாளிதழ் நடையில் 'நட்பு நாடுகள்' என்று எழுதுவதே வழக்கம். அப்படி எழுதினால் ஒப்பந்தமும் தூதரகமும்தான் கண்முன் வருகின்றன. அவரோ 'நண்பர்கள்' என்றே சொல்லியிருந்தார். 'உளவு' என்ற சொல்லுக்கு அரசுக் காரியம் என்ற ஒரு கௌரவமாவது உண்டு. 'ஒட்டுக்கேட்டல்' என்றாலோ கதவோரம் நின்று அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்பவரின் இழிவு சேர்ந்துவருகிறது. அன்று நாங்கள் 'நண்பர்கள்' என்ற சொல்லை அப்படியே வைத்தோம். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு இந்தச் செய்தியை நான் விடாமல் பின்தொடர்ந்தேன். நெருங்கிய நட்பு நாடுகளின் தலைவர்களை, தேசியப் பாதுகாப்புக்கு மிக அவசியமான காரணம் இருந்தாலன்றி, கண்காணிக்கப்போவதில்லை என்று 2014 ஜனவரியில் ஒபாமா அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில், அமெரிக்காவுக்கு ஆவணங்களை விற்றதாக ஜெர்மன் உளவுத் துறையின் ஊழியர் ஒருவர் கைதானார். பெர்லினில் இருந்த சிஐஏ அமைப்பின் தலைமை அதிகாரியை நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஜெர்மனி சொன்னது. மெர்க்கெலின் கைபேசி ஒட்டுக்கேட்பு குறித்து ஜெர்மனியில் நடந்த விசாரணை, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்று கிடைக்கவில்லை என்று 2015 ஜூனில் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த தகவல்கள்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தன: பவேரியாவின் பாட் ஐப்லிங் கேட்பு நிலையத்தின் வழியாக ஐரோப்பிய இலக்குகளைக் கண்காணிக்க அமெரிக்காவுக்கு ஜெர்மன் உளவுத் துறையே உதவியிருந்தது, தன் சொந்தக் கணக்கிலும் நட்பு நாடுகளை ஒட்டுக்கேட்டுவந்திருந்தது. 2017 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்த மெர்க்கெல், அது தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றார்.

மெர்க்கெலின் வாக்கியம் இதனால் பொய்யாகிவிட்டது என்று அலுவலகத்தில் சிலர் வாதிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாடு இன்னொன்றின் பேச்சை அறிய விரும்புவது பழைய விஷயம்; அதை இரு தரப்பும் ஓரளவு எதிர்பார்த்தே இருக்கின்றன. ஆனால் ஒரு தலைவர் நேராக அழைத்துக் கேட்ட பிறகு, வினையின் காலத்தை அளந்து பதில் சொல்வது வேறு. கேட்டவருக்கு அந்த அளவு தெரியும். அது தெரியும் என்பது சொன்னவருக்கும் தெரியும். நம்பிக்கை குறைவது ஒட்டுக்கேட்ட நாளில் அல்ல, இந்தப் பதில் வந்த நாளில்தான் என்று நினைக்கிறேன்.

2021 மே மாத இறுதியில் டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. டென்மார்க் வழியாகச் செல்லும் இணையக் கம்பிவடங்களைப் பயன்படுத்தி, மெர்க்கெல் உள்ளிட்ட அண்டை நாட்டுத் தலைவர்களை அமெரிக்கா கண்காணித்தது. அதற்கு டென்மார்க்கின் ராணுவ உளவுத் துறை துணை நின்றது என்பதே அதன் சாரம். டென்மார்க்கின் பாதுகாப்பு அமைச்சர் டிரீனே பிராம்சன் செய்தியை உறுதிப்படுத்தாமல், நெருங்கிய நட்பு நாடுகளைத் திட்டமிட்டு ஒட்டுக்கேட்பதை ஏற்க முடியாது என்று மட்டும் கருத்துச் சொன்னார். அன்றைக்குச் செய்தியை எழுதிய பயிற்சி உதவி ஆசிரியர் "ஒட்டுக்கேட்டதை ஏற்க முடியாது" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'ட' ஒன்றை அடித்து அந்த இடத்தில் 'ப' என்று எழுதி, பக்கத்தை அனுப்பச் சொன்னேன்.