திரும்பி வரும் வழி

நெட்வேர்க் வேலைக்கு வந்த புதிதில், தரவு போய்வரும் பாதையைத் தீர்மானிப்பது நாங்கள்தான் என்று நம்பியிருந்தேன். அது பாதிதான் சரி. எங்களிடமிருந்து வெளியே போகும் பாதை எங்கள் கையில் இருக்கிறது. நெட்வேர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபி முறையில், லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற முன்னுரிமை எண்ணை ஏற்றினால், சொன்ன இணைப்பால் போகும். திரும்பி வருவது மறுபக்கத்தாரின் முடிவு. அவர்களிடம் கேட்டுப் பார்க்கத்தான் முடியும். எங்கள் நெட்வேர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணை இரண்டு மூன்று தடவை சேர்த்துப் பாதையை நீளமாகக் காட்டலாம். அமேசன் கிளவுட்டுக்கான தனி இணைப்பான ஏடபிள்யூஎஸ் டைரக்ட் கனெக்ட் என்றால், அறிவிப்போடு 7224:7100 என்ற குறியை (கம்யூனிட்டி என்பார்கள்) ஒட்டி, இந்த வழி கடைசித் தெரிவு என்று அறிவிக்கலாம்.

இது மண்டையில் ஏறியது கொக்குவில் அலுவலகத்தில் ஓர் இரவு. வாடிக்கையாளரின் டேட்டா சென்டர் சிங்கப்பூரில். அங்கிருந்து இரண்டு கிளவுட் நிறுவனங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் முதன்மை, மாற்று என இரண்டு இணைப்புகள். அந்த ரவுட்டர்களில் நாங்களும் கொழும்புக் குழுவும் வாடிக்கையாளரின் ஆட்களும் கைவைப்போம். முதன்மை இணைப்புகளில் பராமரிப்பு வேலை இருந்ததால், 11 மணிக்குப் போக்குவரத்தை மெல்ல மாற்று வழிக்குத் திருப்பினோம். ஒரு கிளவுட்டில் எல்லாம் சரி. மற்றதில், குறிப்பிட்ட சில சேர்வர்களுக்கு மட்டும் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை.

இரண்டு வழிகளிலும் இருக்கும் ஃபயர்வோல்களில், போய்வரும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாற்று வழியில், இணைப்புக் கேட்கும் முதல் பொதியான சின் போகிறது, ஒரு விநாடி கழித்து மறுபடியும் போகிறது. பதில் அங்கே வரவில்லை. முதன்மை வழியின் திரையில் அதற்கான பதில், சின்-ஆக், வந்து நிற்கிறது! போனதைக் காணாத ஃபயர்வோல், வந்ததை உள்ளே விடுமா?

ஏஎஸ் எண்ணை மூன்று தடவை சேர்த்திருந்தோமே, பிறகு ஏன் அந்த வழியால் வருகிறது? எந்த முகவரிகளுக்கு எந்த வழி என்று நாங்கள் அறிவிக்கும் ரூட் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். எங்கள் முகவரித் தொகுதி 10.40.0.0/16இன் அறிவிப்பு இரண்டு வழியாலும் போகிறது. கூடவே அதற்குள் அடங்கும் 10.40.12.0/24 என்று ஒன்று, முதன்மை வழியால் மட்டும். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடினால் தொகுதி சின்னது. பாதை நீளமும் கம்யூனிட்டியும் ஒரே முகவரித் தொகுதிக்கு இரண்டு வழி இருக்கும்போதுதான் பேசும். அதற்குள் அடங்கும் சின்னத் தொகுதி வந்தால் அதுதான் வெல்லும். 2008 பெப்ரவரியில் யூடியூபின் /22க்குள் பாகிஸ்தான் டெலிகொம் ஒரு /24ஐ அறிவித்தபோது, உலகின் பல இடங்களில் யூடியூப் நின்றுபோனதும் இந்த விதியால்தான். முதன்மை இணைப்பு முழுதாக அறுந்திருந்தால் எங்கள் /24உம் அதோடு மறைந்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திராது.

யார் போட்டது? விளக்கக் குறிப்பு வெறுமையாக இருந்தது. எடுத்துவிடக் கை துடித்தது. ஆனால் அதை நம்பி யாருடைய வேலை ஓடுகிறதோ! கொழும்புக் குழுவில் இருக்கும் வவுனியாத் தம்பியை நித்திரையால் எழுப்பினேன். "அண்ணை, அது நான் போட்டது. சோதிச்சுப் பாத்திட்டு எடுக்க மறந்திட்டன்." எடுத்தோம். அடுத்த சின்னுக்குப் பதில் சரியான திரையில் வந்தது.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் எல்லாம் எழுதியிருக்கும். அந்த எழுத்து இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குள்ளேயே வழக்கு வரும். மூன்று தரப்பு பாவிக்கும் எங்கள் ரூட்களுக்கு அப்படி ஓர் உறுதி இருக்கவில்லை.

இப்போது ரூட்கள் எல்லாம், யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் இருக்கின்றன. போட்டவர் பெயர், காரணம், எடுக்கும் திகதி மூன்றும் இல்லாமல் எதையும் சேர்க்க விடுவதில்லை. பழையவற்றுக்கு ஆள் தேடியதில், மூன்று ரூட்களுக்கு இன்னும் உரியவர் அகப்படவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.